தகடூர்ப் போரும் கதையில் மோதல் வளரும் முறையும்

கதைப்பின்னல் பற்றிப் பேசத் தொடங்கியதும் நம் இறையியல் மாணவர் பலர் மேனாட்டு நூல்களையே கையில் எடுக்கின்றனர். அதில் தவறில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் பிரைட்டாக் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடக நூலில், நாடகத்தின் போக்கை ஒரு கூம்பாக வரைந்து, தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், வீழ்ச்சி என்று ஐந்து கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். கதை எழுதக் கற்பிக்கும் கையேடுகளில் அக்கூம்பு இன்றும் இடம்பெறுகின்றது. ஆனால், படத்தை மட்டும் பார்க்கும் மாணவனுக்கு ஏற்றம் என்று ஒன்று உண்டு என்பது தெரியுமேயன்றி, அவ்வேற்றம் எதனால் உண்டாகின்றது என்பது தெரிவதில்லை. ஆகவே, அவன் நிகழ்ச்சிகளை அடுக்குகின்றான். ஒரு சண்டைக்குப் பின் மற்றொரு சண்டை, ஒரு நோய்க்குப் பின் ஒரு தீவிபத்து என்று அடுக்கு உயர்கின்றது. கதை இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

ஏற்றம் எதனால் உண்டாகின்றது என்னும் வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்த தருமபுரி நாட்டின் கற்களிலும், அந்நாட்டைப் பற்றிய பாடல்களிலும், அங்கு இன்றும் நடைபெறும் கூத்துகளிலும் அவ்விடை உள்ளது என்பது நம் கருத்து. நிகழ்ச்சிகள் பெருகுவதால் மோதல் வளர்வதில்லை. திரும்பிச் செல்லும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதாலேயே வளர்கின்றது. அவ்வழிகளை அடைப்பவர்கள் தீயவர்களாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

முதலில் கற்களைக் காண்போம். தருமபுரி, 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி, இவற்றையடுத்த செங்கம் ஆகிய பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டு நூலாக்கி வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில் வட்டெழுத்தில் நான்கைந்து வரிகளே உள்ளன. இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டு. இன்னாரின் சேவகன் இன்னான். தொறுக் கொண்டபோது, அல்லது தொறு மீட்டபோது, பட்டான். தொறு என்பது ஆநிரை. பட்டான் என்றால் மாண்டான். அவ்வளவே செய்தி.

எடுத்தனூரில் கிடைத்த ஒரு கல் இவற்றுள் தனித்து நிற்கின்றது. மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகின்றது. கல் வெட்டுவோனுக்கு இடம் குறைவு. ஒவ்வோர் எழுத்துக்கும் உளி வேலை உண்டு. இருந்தும் நாய்க்கு அவன் இடம் ஒதுக்கினான். வீரன் விழுந்த பின்னும் காவல் ஓயவில்லை என்பதை அந்நாயின்றி வேறு எவ்வாறு சொல்லியிருக்கக்கூடும்? நம் கதாசிரியர்கள் ஒருமுறை சென்று காணத்தக்க கல் அது.

எனினும், நடுகல் ஒரே ஒரு படியை மட்டும் சொல்வது. மாடு போயிற்று, மீட்கச் சென்றான், மாண்டான். அதற்கு மேலும் படிகள் உண்டு என்பதைப் புறப்பொருள் இலக்கணம் கூறுகின்றது. தொல்காப்பியர் புறத்திணைகளை ஏழாக வகுத்தார். பின்னர் வந்த ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் அவற்றைப் பன்னிரண்டாக விரித்தார். இலக்கண வகுப்பில் இதனை மனப்பாடம் செய்து மறந்தவர்களே நம்மில் மிகுதி. அதனைக் கதையிலக்கணமாகப் படித்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

வெட்சி சூடி ஆநிரை கவர்வர். கரந்தை சூடி அதனை மீட்பர். வஞ்சி சூடிப் பகைவர் நாட்டின் மேல் செல்வர். காஞ்சி சூடி அவரை எல்லையில் தடுப்பர். உழிஞை சூடி மதிலை வளைப்பர். நொச்சி சூடி மதிலைக் காப்பர். (தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள்ளும் நொச்சியை உழிஞையுள்ளும் அடக்குவார், காஞ்சியோ அவரிடத்து நிலையாமையைக் குறிப்பது. அவ்வேறுபாடு ஈண்டு நமக்கு இடையூறன்று.) இம்மூன்று இணைகளையும் கடந்த பின்னரே தும்பை வருகின்றது. தும்பையின் சிறப்பு, இரு படையினரும் அதே பூவைச் சூடுவதாகும். அதற்கு முன்வரை பூவைக் கண்டு யார் எப்பக்கம் என்று அறியலாம். களத்தில் அவ்வேறுபாடு மறைந்து போகின்றது. வாகை அதன்பின் வருவது.

இவ்வடுக்கில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மறுசெயல் உண்டு. அம்மறுசெயலே அடுத்த செயலுக்குக் காரணமும் ஆகின்றது. ஒவ்வொரு படியிலும் திரும்பும் வழி எவ்வளவு குறுகுகின்றது என்பதையும் நோக்குக. கவர்ந்த மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எல்லைவரை வந்த படை திறை பெற்றுக்கொண்டு மீளலாம். மதில் வளைக்கப்பட்டுவிட்டாலோ உள்ளிருப்பவன் வெளியேற இயலாது. பலரறிய வளைத்தவனும் வெறுங்கையோடு வீடு திரும்ப இயலாது. தும்பையில் இருவருக்கும் வழியில்லை. பிரைட்டாக்கின் கூம்பு ஏறுகோட்டை வரைந்து காட்டுகின்றது. வெண்பாமாலை ஏறுவதற்கான காரணத்தைப் பூக்களாக வரிசைப்படுத்தியுள்ளது.

இனித் தகடூர்ப் போருக்கு வருவோம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கதைமாந்தன் மட்டும் அல்லன். 1981ஆம் ஆண்டில் திருக்கோவலூரையடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பாழியை, அதாவது குகை உறைவிடத்தை, ஈந்தான் என்று அறிவிக்கின்றது. அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யாவர் என்று நெடுநாள் நிலவிய வினாவும் அக்கல்வெட்டினால் தெளிவு பெற்றது.

அவனை எதிர்த்தவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. அப்போரைப் பாடுவதற்கென்றே தகடூர் யாத்திரை என்று ஒரு நூல் இருந்தது. உரையும் பாட்டும் விரவிய நூல் அது. தொல்காப்பியச் செய்யுளியலில் தொன்மை என்னும் வனப்பிற்குப் பெருந்தேவனார் பாரதத்தோடு இந்நூலையும் பேராசிரியர் எடுத்துக்காட்டுவார். நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் உள்ள பாக்களே எஞ்சின. யாத்திரை என்பது ஈண்டுப் படைச்செலவு. வீழ்ச்சியின் பெயரையோ வெற்றியின் பெயரையோ இடாமல் செலவின் பெயரை நூலுக்கு இட்டிருப்பது நாம் கருதத்தக்கது. கதையின் உயிர் களத்தில் மட்டுமன்று, களத்திற்குச் செல்லும் வழியிலும் உள்ளது என்று நூலாசிரியர் எண்ணினார் போலும்.

அவ்வழியைப் பிற பாடல்களைக் கொண்டு ஒருவாறு அறியலாம். அதியமான் கோவலூரை அழித்ததையும் அதனைப் பரணர் பாடியதையும் ஔவையார் புறநானூற்று 99ஆம் பாட்டில் கூறுகின்றார். கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பது அகநானூற்று 209ஆம் பாட்டுச் செய்தி. கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனோடு நின்ற பெருவேந்தர் இருவரையும் சேரன் வென்று, முரசும் குடையும் கலனும் கொண்டான் என்றும், தகடூரை எறிந்தான் என்றும் பதிற்றுப்பத்து எட்டாம் பத்தின் பதிகம் கூறும். இவற்றை ஒரே சங்கிலியாகக் கோப்பது வரலாற்றறிஞர் சிலரின் ஊகமே. ஊரை இழந்த காரி சேரனைச் சார்ந்தான். சேரனுக்காக ஓரியைக் கொன்றான். கொல்லி சேரன் கைக்குப் போனதும் அதியமான் அஞ்சிப் படை திரட்டினான். அப்படையை முறித்த சேரன் தகடூர்வரை வந்தான் என்பர். ஊகமாயினும் பொருந்தும் ஊகம்.

இச்சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் கொடியவன் ஒருவன் இல்லை. காரிக்கு வேண்டியது தன் ஊர். சேரனுக்கு வேண்டியது கொல்லிமலை. அதியமானுக்கு வேண்டியது தன் எல்லைக்கு அருகில் ஒரு பேரரசு வந்து நில்லாதிருப்பது. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் நியாயமான விருப்பமே. ஒருவன் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும்போது அடுத்தவனின் வழி அடைபடுகின்றது; அவன் வேறு வழி திறக்க முயலும்போது மூன்றாமவனின் வழி அடைபடுகின்றது. கோவலூரில் ஓர் ஊரைப் பற்றித் தொடங்கியது, கொல்லியில் மலையைப் பற்றியதாகி, தகடூரில் ஒரு குடியைப் பற்றியதாக முடிகின்றது. பொருள் ஒவ்வொரு படியிலும் பெரிதாவதைக் காண்க. நிகழ்ச்சிகளோ மூன்று அல்லது நான்குதான்.

போரைத் தவிர்க்கும் முயற்சியும் கதையின் ஏற்றத்தில் ஒரு பகுதியே. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பீலி சூட்டி நெய் பூசி அழகாக வைக்கப்பட்டிருந்த அப்படைக்கலங்களைப் புகழ்வது போலப் புகழ்ந்து, தம் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஔவையார். இத்தூது தகடூர்ப் போரைச் சார்ந்ததன்று. வேறொரு பகையைச் சார்ந்தது. ஆயினும், அதனின்று அந்நாட்டின் நிலையை அறிகின்றோம். வேல்கள் கொல்லனிடமிருந்து மீண்டும் மீண்டும் சென்று வரும் நாடு அது. புறநானூற்று 100ஆம் பாட்டிலோ, போர்க்கோலத்தோடு வந்த அதியமான் பிறந்த தன் மகனைக் காண்கின்றான். பகைவரை நோக்கிச் சிவந்த கண், குழந்தையைக் காணும்போதும் சிவப்பு மாறவில்லை என்கின்றார் ஔவையார். புகழ்ச்சியாகப் பாடப்பட்ட பாட்டே. ஆனால், களத்திலிருந்த சினம் வீட்டினுள்ளும் புகுந்துவிட்டதை அது மறைக்கவில்லை. வெளியே மதில்கள் வளைக்கப்படுவதற்கு முன்பே ஒரு மனிதனுள் இவ்வாறு வழி அடைபடுகின்றது.

தகடூரின் வீழ்ச்சியைக் கதையாக்கும் இக்காலத்தவர், வாயிலைத் திறந்துவிட்ட ஒரு துரோகியைப் படைக்க விரும்பக்கூடும். துரோகி கிடைத்துவிட்டால் ஆசிரியருக்கு வேலை எளிதாகின்றது. பழியைச் சுமக்க ஒருவன் அகப்பட்டுவிடுகின்றான். சங்கப் புலவர் அவ்வெளிய வழியில் செல்லவில்லை. அதியமான் யார்? நெடுநாள் வாழச்செய்யும் என்று கருதப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன். பெருஞ்சேரல் இரும்பொறை யார்? முரசு வைக்கும் கட்டிலில் அறியாது படுத்துறங்கிய மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அவர் துயில் நீங்கும் வரை கவரி கொண்டு வீசியவன். அக்குற்றத்திற்குத் தண்டனை வாளால் வெட்டுவதே. புறநானூறு இவ்விரண்டு செய்திகளையும் காத்து வைத்துள்ளது. இரண்டாவது செய்தியைச் சொல்லும் 50ஆம் பாட்டின் கொளுவே, அவ்வாறு வீசியவன் தகடூர் எறிந்தவன் என்று குறிக்கின்றது. தன் புலவருக்குக் கனி ஈந்தவனும், தன்னிடம் வந்த புலவருக்குக் கவரி வீசியவனும் எதிரெதிரே நிற்கும்போது, யார் வென்றாலும் படிப்பவனுக்கு இழப்பு உண்டு. மோதலுக்கு எடை கூடுவது அங்கேதான்.

அரிசில்கிழார் என்னும் புலவரின் நிலையை இங்கு நினைக்க வேண்டும். எட்டாம் பத்தைப் பாடி வென்ற சேரனைப் புகழ்ந்தவர் அவர். அதற்காக ஒன்பது நூறாயிரம் காணமும் அரசு கட்டிலும் அவன் கொடுக்க, அரசினை வேண்டாமல் அமைச்சுரிமையை ஏற்றார் என்று பதிகம் கூறும். அப்புகழ்ப் பாடல்களிலேயே தகடூரை, மறம் மிக்க ஆடவர் காக்கும் காவற்காடு சூழ்ந்த ஊர் என்று சிறப்பிக்கின்றார். பகைவனின் ஊரைத் தாழ்த்தி வெற்றியைப் பெரிதாக்கவில்லை. அவ்வளவோடும் அவர் நிற்கவில்லை. தகடூரில் பொருது வீழ்ந்த எழினியைப் பற்றிய புறநானூற்று 230ஆம் பாட்டைப் பாடியவரும் அவரே. அவ்வெழினி நெடுமான் அஞ்சியே என்பாரும் அவன் குடியினன் வேறொருவன் என்பாரும் உளர். யாராயினும், வென்றவனின் புலவர் வீழ்ந்தவனுக்காக இரங்குகின்றார். சேரன் பொன்முடியாரையும் அரிசில்கிழாரையும் நோக்கித் தன் படை பட்ட தன்மையைக் கூறுமாறு கேட்டதாகவும், அவர்கள் விடையாகக் கூறியதாகவும் தகடூர் யாத்திரைப் பாக்களைப் பற்றி நச்சினார்க்கினியர் உரையில் ஒரு குறிப்பு உண்டு. வென்ற பக்கத்து அரசன் வெற்றியைக் கேட்கவில்லை. தன் படை எவ்வாறு மாண்டது என்று கேட்கின்றான். நூல் முழுமையும் கிடைத்திருந்தால் இவ்விடம் அதன் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக இருந்திருக்கும் என்று எண்ணுகின்றோம்.

இதனைப் படிக்கும்போது நம் வாசகர்க்கு 2 சாமுவேலின் அப்சலோம் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பே. அங்கும் வென்ற பக்கத்து அரசன் ஒலிமுகவாசலில் அமர்ந்து செய்திக்குக் காத்திருக்கின்றான்; ஓடிவரும் இருவரிடமும் அவன் கேட்பது வெற்றியைப் பற்றியன்று. அவ்வரலாற்றின் ஏற்றத்தையும் நோக்குக. தாமாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பின் இரண்டு ஆண்டு மௌனம். அம்னோனின் கொலைக்குப் பின் கேசூரில் மூன்று ஆண்டு. எருசலேமுக்குத் திரும்பிய பின்னும் அரசன் முகத்தைக் காணாமல் இரண்டு ஆண்டு. ஏழு ஆண்டுகளில் நிகழ்ச்சிகள் சிலவே. பேசியிருக்க வேண்டியவர்கள் பேசாமலிருந்ததே வழிகளை அடைத்தது. நம் பிரசங்கங்களில் அப்சலோமைக் கலகக்காரன் என்று முதல் வாக்கியத்திலேயே முத்திரையிட்டுவிடுகின்றோம். அந்த ஏழு ஆண்டுகளையும் இழந்துவிடுகின்றோம்.

முடிவு முன்னரே தெரிந்தால் கதையில் சுவை குன்றும் என்று சிலர் அஞ்சுவர். அவர்கள் தருமபுரிப் பகுதியில் திரௌபதியம்மன் திருவிழாவிற்குச் சென்று பார்க்கலாம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கர்ணன் மாள்வான் என்று அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இரார். இருந்தும் கர்ண மோட்சம் நடக்கும் இரவில் விடியும் வரை கூட்டம் கலையாது. திரையைப் பிடித்து அதன் பின்னிருந்து வேடதாரி பாடிக்கொண்டே மெல்ல வெளிப்படும்போது, அவன் யார் என்பதும் அவனுக்கு என்ன நேரும் என்பதும் மக்களுக்குத் தெரியும். கர்ணன் எந்த இடத்திலாவது திரும்பிவிடக்கூடாதா என்றே அவர்கள் காத்திருக்கின்றனர். குந்தி வந்து கேட்கின்றாள்; அவன் நண்பனை விட்டு வரமாட்டான். அவன் மனைவி பொன்னுருவி தடுக்கின்றாள், அவன் நில்லான். ஒவ்வொரு முறையும் ஒரு வாயில் திறந்து மூடுகின்றது. இறுதி நாளில் வயல்வெளியில் மண்ணால் நீண்டு கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நிகழும். பதினெட்டு நாள் கேட்ட கதை அங்கே மண்ணில் கிடக்கின்றது.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், நாடகத்தின் சந்திகள் ஐந்து என்று கூறி, அவற்றை உழவுக்கு உவமித்து விளக்குகின்றார். உழுத புழுதியில் இட்ட விதை முளைப்பது போன்றது முகம். நாற்றாய் இலை விடுவது போன்றது பிரதிமுகம். கதிர் உள்ளே கருக்கொள்வது கருப்பம். முற்றி விளைவது விளைவு. அறுத்துப் போரிட்டு உண்பது துய்த்தல். கூம்பைவிட நமக்கு இது நெருக்கமானது. விதைக்குள் இல்லாத எதுவும் கதிரில் வருவதில்லை என்பதையும், கருக்கொள்ளும் நிலை வெளியே தெரிவதில்லை என்பதையும் உழவன் அறிவான். வானம் பார்த்த புன்செய் மிகுந்த தருமபுரி மக்களுக்கு அதனை விளக்கவும் வேண்டா.

எழினிக்காக இரங்கிய பாட்டில் அரிசில்கிழார் கையாண்ட உவமையும் இவ்வுழவிலிருந்தே வந்தது. வறுமையால் தளர்ந்த குடியைச் சேர்ந்த உழவன், விதைக்க வைத்திருந்த விதையையே உண்டுவிட்டது போல, எழினியின் உயிரை உண்டாய் என்று கூற்றுவனைப் பழிக்கின்றார். அவனை விட்டிருந்தால் அவன் களந்தோறும் பகைவர் உயிரை உனக்கு நிரம்ப ஊட்டியிருப்பானே, அறமில்லாக் கூற்றமே, நீயே இழந்தாய் என்கின்றார். சேரனையும் அவர் பழிக்கவில்லை; எழினியையும் பழிக்கவில்லை.

அதியமான் மார்பில் தைத்த வேலைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்று 235ஆம் பாட்டு. அவன் நடுகல்லைப் பற்றியது 232ஆம் பாட்டு. தொறு மீட்டு மாண்ட பெயரறியாச் சேவகர்க்குக் கல் நடும் நாட்டில் அதன் அரசனுக்கும் ஒரு கல் நடப்படுகின்றது. அதற்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கின்றனர். உயர்ந்த மலைகளையுடைய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இச்சிறு கலத்துக் கள்ளை ஏற்றுக்கொள்வானோ என்று ஔவையார் கேட்கின்றார்.